பன்றிக்குட்டியும் ஒரு ஓமோன் தூதும்



தாயிடமிருந்து பிரித்துத் தானியத் தீன் கொடுக்கும்போது பல பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றோட்டம் பிடிக்கிறது; சில இறந்தும் போகின்றன. இதற்கான காரணங்களில் ஒன்று இரைப்பை அமிலக் குறைவு.

இரைப்பை அமிலம் முன்சிறுகுடலை அடைந்ததும், குடற்சுவர் செக்ரெற்றின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுகிறது. அது சதையிக்குப் போய், அமிலத்தைத் தணிக்கும் காரநீரைச் சுரக்கச் செய்கிறது. கொலிசிஸ்ரோகைனின் என்ற ஓமோனும் சேரும்போது சமிபாட்டு நொதியங்கள் வருகின்றன. 1902இல் லண்டனில் பேலிசும் ஸ்ரார்லிங்கும் ஒரு நாயின் குடற்பகுதிக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலம் விட்டார்கள். அப்போதும் சதையி சுரந்தது. தூது இரத்தம் வழியே போவது அப்படித்தான் தெரியவந்தது.

பால் குடிக்கும் குட்டிக்குப் பால்வெல்லம் புளித்து வரும் அமிலம் கைகொடுக்கும். பால் நின்றதும் அதுவும் நின்றுவிடும். குட்டியின் சொந்த அமிலமோ போதாது. கிருமிகள் பெருகும், சதையிக்குப் போகும் அழைப்பும் குறையலாம். அதனால்தான் பண்ணைகளில் தீனுடன் சிற்றிக் அமிலம் போன்றவற்றைக் கலக்கிறார்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுத்துவந்த நாக ஒட்சைட்டு மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்தியபின் இதன் தேவை கூடியது. பிரிக்குமுன்பே சிறிது சிறிதாகத் தீன் காட்டிப் பழக்குவதும் குட்டியின் குடலை ஆயத்தப்படுத்தும்.