வி. காமகோடி

வீழிநாதன் காமகோடி தமிழகத்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். கணினிக் கட்டமைப்பு, தகவல் பாதுகாப்பு ஆகியன இவரது ஆய்வுத் துறைகள். சக்தி எனும் நுண்செயலியை வடிவமைத்த குழுவின் தலைவராக அறியப்படுகிறார். 2022 சனவரியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐ.ஐ.டி.) இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

கல்வியும் பணியும்

திருப்பெரும்புதூர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியற் கல்லூரியில் இளநிலைப் பட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யில் முதுநிலை, முனைவர் பட்டங்களும் பெற்றார். 2001இல் அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தார். 2017இல் நடுவண் வணிக, தொழில் அமைச்சகம் அமைத்த செயற்கை நுண்ணறிவுப் பணிக்குழுவுக்குத் தலைமை வகித்தார். தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் உறுப்பினராகவும் இருந்துள்ளார்.

சக்தி நுண்செயலி

மென்பொருள் எவ்வளவு காப்பாக எழுதப்பட்டாலும், அது இயங்கும் வன்பொருளை நம்பியே ஆகவேண்டும். பெரும்பாலான நுண்செயலிகளின் உள்ளமைப்பு வணிக மறைபொருள். வாங்குபவர் அதைச் சோதிக்க இயலாது. இவ்விடரின் அளவை 2018 சனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் எனும் வன்பொருள் குறைபாடுகள் உணர்த்தின. பல நிறுவனங்களின் நுண்செயலிகளில் இவை காணப்பட்டன.

சக்தி, ரிஸ்க்-ஃபைவ் எனும் திறந்த கட்டளைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. இதன் வடிவமைப்பு திறந்த மூல உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளதால் எவரும் ஆராயலாம். 2018இல் இச்சில்லில் லினக்ஸ் இயங்குதளம் இயக்கிக் காட்டப்பட்டது. இதன் வழிவந்த ஐரிஸ் சில்லை இந்திய விண்வெளி ஆய்வு மையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் 2025இல் அறிவித்தன. அது சண்டிகர் குறைக்கடத்தி ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டது. வடிவமைப்பு திறந்ததாயினும், அதைச் சில்லாக வார்க்கும் ஆலையையும் நம்பவேண்டியுள்ளது. எனவே திறந்த வடிவமைப்பு இடரைக் குறைக்கிறதேயன்றி முற்றிலும் நீக்குவதில்லை.

தடமறிதல் விவாதம்

வாட்ஸ்அப்பில் பரவும் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய இயலுமா எனும் வினா 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. செய்தியுடன் முதல் அனுப்புநரின் அடையாளத்தையும் இணைத்தால் மறையாக்கத்தைக் கைவிடாமலே இது இயலும் என்று காமகோடி கருத்தளித்தார். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். குற்றவாளிகள் இதனை எளிதில் ஏமாற்றலாம், பாதிக்கப்படுவது பொதுமக்களின் அந்தரங்கமே என்பது மறுப்பின் சாரம். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

2021இல் நடுவண் அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் முதல் அனுப்புநரைக் கண்டறியும் வசதியைக் கட்டாயமாக்கின. இதை எதிர்த்து வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டு மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. குற்றத்தைத் தடுப்பதற்காக அனைவரது உரையாடலிலும் அடையாளம் பொறிக்கலாமா என்பதே இவ்விவாதத்தின் மையம்.