பாவாடை கட்டிய பையன்கள்

காஞ்சிபுரத்தின் பழைய வீடுகளில் கூடத்துச் சுவர் நெடுக மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு படத்தில் கண் நின்றுவிடும். மூன்று வயதுக் குழந்தை, முக்காலிமேல் நிற்கிறது. அகலக் கரை வைத்த பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு. பின்னால் சாய்வாக ஒரு நிலைக்கண்ணாடி. முகமும் விழ வேண்டும், முதுகில் தொங்கும் பூச்சடையும் விழ வேண்டும் என்பதற்காக ஸ்டுடியோக்காரர் செய்த ஏற்பாடு அது. சவுரி சேர்த்துப் பின்னி, மல்லிகை மொட்டுகளை வாழைநாரில் வைத்துத் தைத்து, நுனியில் குஞ்சம் கட்டிய சடை. “இந்தப் பாப்பா யாரு?” என்று கேட்டால், “பாப்பாவா? உங்க பெரிய மாமாடா அது!” என்பார் பாட்டி.

மொட்டைக்கு முந்தைய படம் அது. முதல் முடி திருத்தணிக்கோ திருப்பதிக்கோ குலதெய்வத்துக்கோ நேர்ந்தது. ஒற்றைப்படை வயதில்தான் இறக்குவார்கள். அதுவரை கத்தி படாமல் வளர்ந்த முடியை ஒரே ஒருமுறை வாரிப் பின்னிப் பார்க்கும் ஆசை அம்மாக்களுக்கு. பெண் குழந்தை இல்லாத வீடென்றால் ஆசை இரட்டிப்பு. கண் படாமல் இருக்கத்தான் பெண் வேடம் என்று சொல்பவர்களும் உண்டு. பட்டு நெய்கிற வீடாக இருந்தாலும் அந்தப் பாவாடை பெரும்பாலும் இரவல்தான். தறியில் இறங்கும் பட்டெல்லாம் முதலாளி கடைக்கோ சொசைட்டிக்கோ போய்விடும்.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துக் குடும்பப் படங்களைப் பார்ப்பவருக்கும் இதே திகைப்புதான். கவுன் போட்டுச் சுருள்முடியோடு நிற்கும் குழந்தை பல படங்களில் பையனாக இருக்கும். அமெரிக்க ஜனாதிபதியாக வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டரை வயதில், 1884இல், வெள்ளைக் கவுனும் நீள முடியுமாக உட்கார்ந்திருக்கும் படம் பிரசித்தம். அந்த நாடுகளில் அது தினசரி உடை. கால்சட்டைக்கு வரிசையாகப் பொத்தான்கள். சின்னக் கை அவிழ்ப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். கவுன் என்றால் தூக்கிவிட்டால் போதும், பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்துவிடலாம். நாலு வயதிலிருந்து ஏழு வயதுக்குள் ஒருநாள் முதல் கால்சட்டை மாட்டுவார்கள். சொந்தக்காரர்கள் புதுப் பையில் காசு போடுவார்கள். அன்றிலிருந்து அவன் அம்மாவின் கையைவிட்டு அப்பாவின் பொறுப்புக்கு வந்துவிடுவான். பட்டத்து இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டை மாலுமிச் சிறுவன் உடையில் நிறுத்தி வின்டர்ஹால்டர் 1846இல் தீட்டிய ஓவியத்துக்குப் பிறகு, கால்சட்டைக்கு மாறிய பையன்களுக்கெல்லாம் மாலுமி உடை தைப்பது பெரிய மோகமாகப் பரவியது.

நம் ஊரில் தினசரி உடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இடுப்பில் அரைஞாண் கயிறு, கொஞ்சம் வளர்ந்தால் கோவணம். ஆணா பெண்ணா என்று பிரித்துப் பார்க்க நம் முன்னோர் அவசரப்படவில்லை. பிள்ளைத்தமிழைப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழு பருவம் இரு பாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் ஆண்பிள்ளை சிற்றில் சிதைக்கவும், சிறுபறை முழக்கவும், சிறுதேர் உருட்டவும் போகிறான். கண்ணனுக்கு ஒவ்வொரு பூவாகப் பெயர் சொல்லிச் சூடிக்கொள்ள வரும்படி பெரியாழ்வார் ஒரு திருமொழியே பாடியிருக்கிறார். காஞ்சியில் வரதராஜப் பெருமாளே வைகாசி பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் நாச்சியார் திருக்கோலத்தில் பல்லக்கில் வருகிறார். பிள்ளைக்குப் பூச்சடை பின்னி அழகு பார்த்த தாயை இந்த ஊரில் யாரும் வித்தியாசமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியதும் மாமன் சீராக வந்த புதுச்சட்டையும் டவுசரும் ஏறும். இங்கிலாந்துப் பையனின் கால்சட்டை நாளுக்கு நம்மிடம் நெருங்கிய சடங்கு இதுதான். அதற்குப் பிறகு பாவாடைப் பேச்சே கிடையாது.

இன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போதே பையனுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ் என்று பிரித்துவிடுகிறோம். கோவணம் இருந்த இடத்தில் டயாபர். முதல் பிறந்தநாளுக்கே ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த பட்டுவேட்டியும் சட்டையும் காஞ்சியின் காந்தி ரோட்டுக் கடைகளில் கைக்குழந்தை அளவில் கிடைக்கின்றன. ஒரு வயதுப் பிள்ளை குட்டி மாப்பிள்ளையாக நிற்கிறது. போன் கேமரா வந்தபின் ஸ்டுடியோவும் நிலைக்கண்ணாடியும் போய்விட்டன. மகனுக்குப் பூ வைத்துப் பார்க்கும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தை வெளியே காட்டினால் பெரியவனானதும் கேலி செய்வார்களே என்று யோசிக்கிறார்கள். எனக்கு இது நிஜமாகவே வருத்தம் தருகிறது. ஆண் என்ற பாரம் ஏறாமல் பிள்ளை சும்மா பிள்ளையாக இருந்த மூன்று நான்கு வருஷத்தை நாம் பறித்துக்கொண்டோம். அந்த வருஷங்களுக்குச் சாட்சியான தமிழக ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு தேடி எண்ணிமப்படுத்தியது. அந்த வேலை தொடர வேண்டும்.

ஆனால் டவுசர் ஏறிய பிறகு அன்றைய பையன் எங்கே போனான் என்பதையும் சொல்லியாக வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஊடையை ஊடையோடு கோத்து வாங்க வேண்டும். மூன்று நாடா ஓடும். நெசவாளர் ஒருவரால் மட்டும் ஆகாது, மறுகரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பல காலம் பள்ளிக்கூடம் போக வேண்டிய பையனோ பெண்ணோதான். வாங்கிய முன்பணம் கழியும்வரை குழித்தறி ஓரத்தை விட்டு எழ முடியாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத்தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது.

இங்கிலாந்திலும் பட்டுக்கு மட்டும் சலுகை கொடுத்தார்கள். துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற 1833ஆம் வருஷத்துச் சட்டம் பட்டு ஆலைகளை விட்டுவிட்டது. நம் 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப் பட்டியலில் வைத்தது. கூடவே, குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. தறியெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஊரில் அந்த விலக்கு என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று தறியோரம் சிறுவர்களைக் காண்பது அரிது. துணைக்கு இருப்பவர் பெரும்பாலும் நெசவாளரின் மனைவி. துணை ஆள் கிடைக்காததால் கோர்வை குறைகிறது என்று வியாபாரிகள் வருந்துகிறார்கள். நானும் கோர்வையை நேசிப்பவன்தான். இருந்தாலும் பத்து வயதுப் பையனை உட்காரவைத்துத்தான் அது பிழைக்க வேண்டுமென்றால் அப்படிப்பட்ட கோர்வை எனக்கு வேண்டாம். துணைக்கு உட்காரும் பெரியவருக்கு முழுக்கூலி கொடுத்து, அதைச் சேலை விலையில் ஏற்றினால் தொழிலும் நிற்கும். அந்த 1986 சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம் பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றது. பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. காஞ்சிபுரத்திலாவது அந்தக் கதவு சாத்தியே இருக்க வேண்டும்.