இ.சி.ஜி. நார்மல் என்றால் அடைப்பே இல்லையா?

பெரம்பலூர், அரியலூர் வணிகர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இ.சி.ஜி. அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். ஓய்வாகப் படுத்திருக்கையில், பாதி அடைபட்ட இரத்தக் குழாய்கூட இதயத்துக்குப் போதிய இரத்தம் தந்துவிடும். எக்கோவும் நன்றாகவே இருக்கலாம். இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்க்கும் டிரெட்மில் சோதனையிலும் சில அடைப்புகள் தப்பலாம். குழாயையே படம் பிடிப்பது ஆஞ்சியோகிராம். அது எல்லோருக்கும் தேவையில்லை.

ஆனால் மூட்டை தூக்கும்போது நெஞ்சை அடைத்து, நின்றதும் விடுகிறதா? பழைய ரிப்போர்ட்டை நம்பியிராமல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியின்றி மூச்சு வாங்குதல் மட்டுமே வரலாம். ஓய்விலும் வலி நீடித்தால் 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலுதவி மாத்திரைகள் தரும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் தொடங்கியது. வியாபாரம் காத்திருக்கும், இதயம் காத்திராது.