மதுரைத் திட்டம்: ஊர் கூடித் தட்டெழுதிய நூலகம்

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. மதுரையின் பகல் சந்தையான நாளங்காடியும் இரவுச் சந்தையான அல்லங்காடியும் அதில் கண்முன் விரியும். மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருப்பவர் இன்று அதைக் கைபேசியில் காசு கொடுக்காமல் முழுவதும் படிக்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம், நண்பருக்கு அனுப்பலாம். மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சியால் வந்த வசதி இது.

1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதை ஒருங்கிணைத்தார்கள். பழந்தமிழ்ச் சங்கம் இருந்ததாக மரபு சொல்லும் ஊர் என்பதால் மதுரையின் பெயர். 1901இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி ஏடுகளையும் நூல்களையும் திரட்டியதும் இதே வழியில் வந்த வேலைதான்.

வேலை நடக்கும் முறை எளியது. ஒருவர் நூலைத் தட்டெழுதுவார். இன்னொருவர் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்ப்பார். வேறொருவர் கோப்பாக்குவார். யாருக்கும் கூலி கிடையாது. ஆனால் கோப்பின் தலைப்பில் அவர்கள் பெயர்கள் இருக்கும். அந்தத் தலைப்புப் பக்கத்தை நீக்காமல் கோப்பை யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்பது நிபந்தனை. உழைத்தவரை மறக்காமலேயே நூலைப் பொதுவில் வைக்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

‘திறந்த’ என்றவுடன் பலர் இலவசம் என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். எடுத்து மாற்றும் உரிமைதான் அதில் முக்கியம். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளை வெவ்வேறு எண்களில் வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி ‘டிஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். பின்னர் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோடு நிலைபெற்றது. மதுரைத் திட்டத்தின் நூல்கள் இந்த மாற்றங்களையெல்லாம் தாண்டி வந்தன. குறியீடு வெளிப்படையாக இருந்ததால் மாற்றும் நிரல்களை ஆர்வலர்களே எழுத முடிந்தது. கோப்புகளுக்குப் பூட்டு இல்லாததால் அவற்றை மாற்றவும் முடிந்தது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்பாக இருந்திருந்தால், அந்த மென்பொருள் கைவிடப்பட்ட அன்றே நூலும் எட்டாமல் போயிருக்கும்.

குறையும் உண்டு. தன்னார்வலர்கள் தமக்குப் பிடித்ததையே முதலில் எடுப்பார்கள். அதனால் பழைய இலக்கியமும் பக்தி நூல்களும் நிறைய வந்தன. தொழில், அறிவியல் நூல்கள் குறைவு. பிழையைக் கண்டவர் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதித்தான் திருத்த வேண்டும்.

இணைய நூலகமான தமிழ் விக்கிமூலம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே அச்சுப் பக்கத்தின் படமும் தட்டெழுதிய வரிகளும் அருகருகே இருக்கும். யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுத் திருத்தலாம். ஒருவர் பார்த்து முடித்த பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். யார் எதை மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் பதிவாகும், தவறான மாற்றத்தை நீக்கிப் பழைய வரியை மீட்டுவிடலாம்.

நீங்களும் கைகொடுக்கலாம். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் வாழ்நாளில் வெளியான நூல் பொதுவுடைமை. 1965இல் இறந்தவரின் நூல்கள் 2026 ஜனவரி 1 முதல் அப்படி ஆகின்றன. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் இருக்கின்றன. மேலூரிலோ திருமங்கலத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய தலபுராணம், வைத்திய நூல் ஏதேனும் இருந்தால் முதலில் ஆசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் பாருங்கள். பொதுவுடைமை என்றால் நல்ல வெளிச்சத்தில் பக்கங்களைப் படமெடுத்துத் தட்டெழுதுங்கள். தட்டெழுத நேரமில்லாதவர் விக்கிமூலத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மெய்ப்புப் பார்த்தாலும் போதும். மஞ்சளாகக் காத்திருக்கும் பக்கங்கள் அங்கே ஏராளம்.