கரை வளைந்த பக்கம்

வீட்டுக் கூரையைக்கூட விண்ணிலிருந்து படமெடுக்கும் காலத்தில், வரைபடமும் கையுமாக ஊர் ஊராக நடக்கிற புவியியலாளருக்கு இன்னும் என்ன வேலை இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து டோப்போஷீட் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கலாம். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் இந்தத் தாளில் இரண்டு சென்டிமீட்டர் நீளம் தரையில் ஒரு கிலோமீட்டர். ஊர் சிவப்பு, பயிர் நிலம் மஞ்சள், சமஉயரக் கோடு பழுப்பு, நீர் நீலம் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். தாள் முழுவதும் சிதறிக் கிடக்கும் ஏரிகளின் வடிவத்தைப் பாருங்கள். பெரும்பாலானவை பிறை நிலா போல இருக்கும். கரை ஒரு பக்கம் மட்டும் வில்லாக வளைந்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் கரையே இருக்காது. அந்த வில்லின் முதுகு பெரும்பாலும் கிழக்கு நோக்கித்தான் இருக்கும்.

குளம் தோண்டப்படுவது, ஏரி தடுக்கப்படுவது. மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரியும் நிலத்தில், ஓடிவரும் மழைநீரை மறித்து ஒரு மண்கரை போட்டால் போதும், மேட்டுப்பக்கத்தை நிலமே பார்த்துக்கொள்ளும். ஆகவே கரை வளைந்த பக்கம் பள்ளம், திறந்த பக்கம் மேடு. இதை அறிய ஏன் ஏரிக்கரையைப் பார்க்க வேண்டும், சமஉயரக் கோடு இருக்கிறதே என்று தோன்றலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விநோதம் இருக்கிறது. இந்தத் தாள்களில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில் வருகின்றன. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, அதாவது ஏழு மீட்டருக்குச் சற்று மேல். 3,645 மில்லியன் கன அடி நீர் பிடிக்கும் அவ்வளவு பெரிய ஏரியின் ஆழமே இரண்டு கோடுகளுக்கு இடையில் அடங்கிவிடும் என்றால், அதில் பாதி ஆழம்கூட இல்லாத ஊர் ஏரிகளைப் பற்றி அந்தக் கோடுகள் என்ன சொல்லிவிட முடியும்? கோடு சொல்லாமல் விட்ட சரிவைக் கரை சொல்கிறது. மட்டக்கருவி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மழைநீர் போகும் வழியைப் பார்த்துப் பார்த்து நிலத்தின் சாய்வைக் கண்டறிந்தவர்களின் அளவீடு அந்த மண்கரையில் இருக்கிறது.

செயற்கைக்கோளும் ரேடாரும் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டன என்று மறுக்கலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாளில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது உண்மைதான். புவியியலாளர்கள் அந்தத் தரவை நன்றியோடு பயன்படுத்துகிறார்கள். ஆனால் உயரத்தில் அதன் பிழை சில மீட்டர் வரை போகும். மரம் அடர்ந்த இடத்தில் இலைக்கூட்டத்தையும், ஊருக்குள் கட்டடங்களையும் தரையோடு சேர்த்தே அளந்துவிடும். மலைநாட்டில் இது பெரிய குறை ஆகாது. ஓரிரு மீட்டர் ஏற்றத்தாழ்வில் நீர் எந்தப் பக்கம் போகும் என்பது முடிவாகிற கடலோரச் சமவெளியில், பிழையே கரையின் உயரத்தைத் தாண்டிவிடுகிறது. லேசர் அளவீடு இதைவிடப் பல மடங்கு துல்லியம். அதை எல்லா ஆற்றுப்படுகைகளுக்கும் செய்து, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். தரையின் உயரத்தை லேசர் சொல்லும். அந்தத் தரையில் ஓடும் கால்வாயை யார் வெட்டினார்கள், யார் அடைத்தார்கள், மதகை யார் திறப்பார்கள் என்று அது சொல்லாது.

ஏரி என்பது நீர் நிற்கும் இடம் மட்டும் என்று எண்ணுகிறவரை இந்தக் கேள்விகள் தேவையற்றவையாகத் தெரியும். உண்மையில் வரத்துக்கால், நீர்ப்பிடிப்பு, கரை, மதகு, கலங்கல், ஏரிநீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக மறுகால் பாய்ந்து கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. சங்கிலியில் ஒரு கண்ணியை உடைத்தால் அதற்குக் கீழே உள்ளவை காயும். பெருமழை வந்தால் அவையே மூழ்கும். இதில் பொறியாளர் கனஅடியைக் கணக்கிடுவார், மண்ணியலாளர் வண்டலைப் பார்ப்பார், பொருளியலாளர் நெல் விலையைக் கேட்பார், சமூகவியலாளர் யாருக்கு முதல் தண்ணீர் என்று விசாரிப்பார். பிறகு புவியியலாளர் தனியாக எதற்கு என்பது அடுத்த மறுப்பு. ஏரி நிரம்பியிருக்கிறது, கடைமடை வயல் காய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயக்கட்டின் தலைப்பில் உள்ளவர்களுக்குச் சொந்தக் கிணறும் மோட்டாரும் வந்துவிட்டன; வாய்க்கால் வெட்ட அவர்கள் வருவதில்லை; வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் நீர்க்கட்டிக்கு நெல் அளப்பது நின்றது; வாய்க்கால் தூர்ந்தது; கடைமடைக்காரர் மட்டும் தனியே நிற்கிறார். இந்தக் காரணங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைக்குச் சொந்தம். கிணறுகளை, வாய்க்காலை, யாருடைய வயல் எது என்பதை ஒரே தாளில் குறிக்கும்போதுதான் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தது தெரிகிறது. அந்தத் தாளைத் தயாரிப்பதுதான் புவியியலாளரின் வேலை. கால்நடையாகப் போய்க் கேட்காமல் அது முடியாது.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு, அதைப் புவியியல் தன் தலையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். நிலமும் தட்பவெப்பமும்தான் மனிதரை ஆக்குகின்றன என்று நூறாண்டுகளுக்கு முன் இத்துறையில் பெரிய பெயர்களே எழுதினார்கள். அமெரிக்காவின் எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் நாகரிகங்களின் ஏற்றத்தாழ்வைத் தட்பவெப்பத்தால் விளக்க முயன்று, இன ஏற்றத்தாழ்வுக்கே அறிவியல் சாயம் பூசினார். சரிவைப் பார்த்து ஊரைப் படிப்பதும் அதே வழிதானே என்று ஒருவர் கேட்டால் கோபப்படக் கூடாது. ஏரிகளே அதற்குப் பதில். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. ஏரியைக் காக்கச் சரிவு மட்டும் போதுமென்றால் வாரியம் எதற்கு? ஒரே சரிவு, ஒரே வடகிழக்குப் பருவமழை. ஓர் ஊர் ஏரியை வைத்திருக்கிறது, பக்கத்து ஊர் இழந்திருக்கிறது. நிலம் ஒரு வாய்ப்பைத் தருகிறது, மக்கள் அதைக் கையில் எடுக்கிறார்கள் அல்லது விடுகிறார்கள் என்று பிரான்சின் விதால் தெ லா பிளாஷ் வழிவந்தவர்கள் சொன்னதுதான் இங்கே பொருந்துகிறது.

அப்படிக் கைவிட்டதற்கும் நிலத்தில் சாட்சி உண்டு. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல் என்று பேருந்து நிறுத்தத்தில் கூவும்போது அந்த நீர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரி இல்லை, அந்த நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரியில்தான். ஊர்ப்பெயரைச் சான்றாக எடுத்துக்கொள்வது புவியியலாளரின் பழைய பழக்கம். பெயர் நீரைவிட நீண்ட நாள் நிற்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, வெள்ளம் புதிதாக வழி தேடவில்லை. தாங்கல் என்றும் ஏரி என்றும் பெயர் வைத்திருந்த பள்ளங்களுக்கு அது வந்து சேர்ந்தது.

நிலத்தை இப்படிப் படிக்காமல் செய்யும் நல்ல காரியமும் வீணாகிறது என்பதுதான் வருத்தம். ஏரியை ஆழப்படுத்தினால் போதும் என்று இயந்திரத்தை இறக்குகிறார்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தப் பள்ளத்து நீர் வயலுக்குப் பாயாது. நிலத்தடிக்கு இறங்கும், கிணறு உள்ளவருக்குப் பயன்படும், இல்லாதவர் கரையில் நின்று பார்க்கலாம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்திருக்கிறோம். ஒரே சங்கிலியின் கண்ணிகள் வெவ்வேறு அலுவலகக் கோப்புகளில் கிடக்கின்றன. எல்லைக் கல் நடுவதிலும் இதே சிக்கல். கரையில்லாத மேற்குப் பக்கத்தில் ஏரி எங்கே முடிகிறது? மார்கழியில் நீர் தொடும் விளிம்பு ஓரிடம், ஆனியில் வேறிடம். ஆனியில் அளந்து கல் நட்டு, மனை போட்டு விற்ற இடத்துக்கு மார்கழியில் ஏரி திரும்பி வருகிறது. இரண்டு மாதத்துப் படங்களையும் எடுத்துக்கொண்டு, அங்கே நாற்பது வருடம் மாடு மேய்த்தவரையும் கூட்டிக்கொண்டு, அந்த விளிம்பில் நடந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.