ஒரு வரியில் ஒரு வியாபாரத் திட்டம்



மேலாண்மைப் பாடத்தில் 'வணிக உத்தி' என்று ஒரு தலைப்பு வரும். மனப்பாடம் செய்வோம், எழுதுவோம், மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அதை அரைகுறையாகப் படித்ததன் விலை என் அம்மாவின் காதுத் தோடு. அதனால் இனி மறக்க வழியில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்து வேலைக்குப் போகிறவர். அம்மா வீட்டு வாசலில் பெட்டிக்கடை நடத்துகிறார். கடன் கணக்கு முழுவதும் அவர் மனதிலும், கதவுக்குப் பின்னால் போட்ட கரிக்கோட்டிலும்தான் இருக்கும்.

முதலாம் ஆண்டு விடுமுறையில் நான் பெரிய மேதை போல ஒரு திட்டம் போட்டேன். "சின்னப் பாக்கெட்ல என்னம்மா மிஞ்சும்? ஷாம்பு பாட்டில், ஒரு கிலோ சோப்புத் தூள் வாங்கி வைப்போம். ஒண்ணு வித்தாலே நல்ல லாபம்" என்றேன். அம்மா, "நீ சொன்னா சரிதாம்பா" என்றார். என் தேர்வுக் கட்டணத்துக்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்த 2,400 ரூபாயும் சரக்காக மாறியது.

மூன்று மாதம் பாட்டில்கள் தூசி படிந்து நின்றன. கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்தது. தோடு அடகுக்குப் போனது. "இது ஓடாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியாதாம்மா?" என்று கேட்டேன். "தெரியும். நீ படிச்ச புள்ள, உங்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

கடலூர் சொல்லும் பாடம்

எங்கள் கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பு போன்ற பொருள்களைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் முறையில் முன்னோடியாக இருந்தார். பணக்காரர் பயன்படுத்தும் பொருள் கூலிக்காரருக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொழில் தொடங்கினார். ஷாம்புக்குத் தந்தை பெயரிலிருந்தே 'சிக்' என்று பெயர் வைத்தார். அந்த நிறுவனம்தான் 1998-ல் 'கவின்கேர்' என்று பெயர் மாறியது.

பாக்கெட் மட்டும் அவருக்கு வெற்றி தந்துவிடவில்லை. அவருடைய சகோதரர்களின் 'வெல்வெட்' ஷாம்புவும் பாக்கெட்டில்தான் வந்தது. ஆகவே யாருக்கு விற்பது, அவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற இரண்டு கேள்விக்கும் அவர் விடை கண்டாக வேண்டியிருந்தது.

ஷாம்புவே பழகாத கிராமங்களுக்கு ஆட்களோடு போனார். கூட்டத்தின் நடுவில் ஒரு சிறுவனின் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, 'தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்' என்று காட்டினார்கள். ஒரு திட்டமும் வந்தது. எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம்! கொஞ்ச காலம் கழித்து, ஐந்துமே சிக் பாக்கெட்டாக இருக்க வேண்டும் என்று மாற்றினார். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்கு உயர்ந்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இந்தத் திட்டத்தின் அழகைப் பாருங்கள். ஐந்து வரை எண்ணத் தெரிந்த எவருக்கும் இது புரியும். விளக்கப் படமோ ஆங்கிலமோ தேவைப்படவில்லை.

நான் புரிந்துகொண்டவை மூன்று

1. யாருக்கு விற்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அளவு, விலை, விற்கும் இடம் எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறக்கும். எங்கள் தெருவில் எல்லாரும் கூலிக்காரர்கள்.  மொத்தமாகக் கொடுக்க அவர்கள் கையில் காசு இருக்காது. நான் பாட்டிலின் லாபத்தைப் பார்த்தேனே தவிர, வாங்குகிறவர் கையைப் பார்க்கவில்லை.

2. திட்டத்தை ஒரு வரியில் சொல்ல வர வேண்டும். அப்படிச் சொல்ல வரவில்லை என்றால் நமக்கே அது தெளிவாகவில்லை என்று பொருள்.

3. சொல்வது பாதி, கேட்பது பாதி. எங்கள் தெருவைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என் படிப்பைப் பார்த்து அவர் வாயை மூடிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை அம்மா பேசப் பேச நான் எழுதிக்கொண்டேன். கடைசியில் கிடைத்தது ஒரே வரி: "அன்னன்னிக்குக் கைக்கு ஏத்த பாக்கெட், கூலி வாங்குற சனிக்கிழமை பாக்கி தீரணும்." இதை அம்மா வாடிக்கையாளரிடம் சொல்கிறார். கடையில் உட்காரும்போது அப்பாவும் தங்கையும் அதையே சொல்கிறார்கள். பாட்டில்களை வாங்கின விலைக்கே தள்ளிவிட்டோம். கரிக்கோடுகள் குறைந்து வருகின்றன. தோடு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சூப்பர்வைசராகப் போவோம், சிலர் சொந்தமாகப் பட்டறை வைப்போம். இருபது வருட அனுபவம் உள்ள ஹெல்ப்பர் நம் டிப்ளமோவுக்கு மரியாதை கொடுத்து "சரிங்க சார்" என்பார். அதோடு மகிழ்ந்துவிடாதீர்கள். "இதில் எங்கே தப்பு வரும்னு சொல்லுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை அன்று நான் அம்மாவிடம் கேட்டிருந்தால், அவர் காதில் இன்று தோடு இருந்திருக்கும்.



– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை