கொடியிலிருந்து ராட்டை இருமுறை வெளியேறியது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிறவர்களுக்குத் தெரியும்: டிராயிங்கில் அளவு மட்டும் இருக்காது, எந்த உலோகம், என்ன கிரேடு என்பதும் இருக்கும். அளவில் இம்மியும் மாறாமல் உலோகம் மட்டும் மாறினாலும் அது புதிய ரிவிஷன்தான். தேசியக் கொடியின் வரலாற்றையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் பாடப்புத்தகங்கள் அந்தக் கதையை 1947 ஜூலை 22ஆம் தேதி, அரசியல் நிர்ணய சபையோடு முடித்துவிடுகின்றன. கொடியின் கடைசிப் பெரிய மாற்றம் நடந்ததோ 2021 டிசம்பர் 30 அன்று.

வண்ணங்கள் அடிக்கடி மாறியிருக்கின்றன. 1917இல் அன்னி பெசன்ட்டும் திலகரும் முன்வைத்த ஹோம் ரூல் கொடியில் ஐந்து சிவப்புப் பட்டைகள், நான்கு பச்சைப் பட்டைகள், மூலையில் யூனியன் ஜாக். பேரரசுக்குள்ளேயே சுயாட்சி என்பதுதான் அன்றைய கோரிக்கை; கொடி அதை ஒளிக்கவில்லை. 1921இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் ஒரு கொடியைக் கொடுத்தார். ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜின் யோசனைப்படி அதில் ராட்டை ஏறியது. நிறத்துக்கொரு மதம் என்று பொருள் சொல்லப்பட்டதால் சச்சரவு கிளம்ப, 1931இல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்று வரிசையை மாற்றி, நிறங்களுக்கு மதப்பொருள் இல்லை என்றும் அறிவித்தது. ராட்டை மட்டும் அசையவில்லை.

1947இல் அது போனது. நேரு சொன்ன காரணங்களில் ஒன்று நடைமுறை சார்ந்தது: ராட்டையின் சக்கரம் ஒரு பக்கம், கதிர் மறுபக்கம் என்பதால் கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால் படம் இடவலம் மாறித் தெரியும், அசோகச் சக்கரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ராட்டை இல்லாத கொடியை வணங்க மாட்டேன் என்று சொல்லும் அளவுக்குக் காந்தி வருந்தினார். ஆனால் படத்திலிருந்து போன ராட்டை துணியில் தங்கிவிட்டது. 1951இல் இந்தியத் தர நிர்ணயத்தின் முதல் எண்ணான ஐஎஸ் 1 கொடிக்கே தரப்பட்டது. அது வகுத்தது கதர்க் கொடிக்கான தரம். 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பும் கையால் நூற்று, கையால் நெய்த துணியையே கேட்டது. 2021 திருத்தம் இயந்திரத்தில் செய்த கொடியையும் பாலியஸ்டரையும் அனுமதித்தபோது ராட்டை இரண்டாம் முறை வெளியேறியது.

துணி வேறு, வடிவமைப்பு வேறு என்று மறுக்கலாம். அப்படியானால் நூலையும் நெசவையும் விதியில் எழுதியிருக்க வேண்டியதில்லையே. இன்னொரு மறுப்பு வலுவானது: எல்லோருக்கும் கதர்க் கொடி கிடைக்குமா, கட்டுப்படியாகுமா? நியாயம்தான். ஒரு காலத்தில் சாதாரண குடிமகன் நினைத்த நாளில் கொடியேற்ற முடியாதிருந்தது. ராய்கரில் தன் ஆலையில் கொடியேற்றியதற்கு அதிகாரிகள் ஆட்சேபித்ததால் தொழிலதிபர் நவீன் ஜிண்டால் நீதிமன்றம் போனார். 2002இல் விதி தளர்ந்தது. கொடியேற்றுவது கருத்துரிமையின் பகுதி என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை இன்று எந்த ஆலை வாசலிலும் ஆண்டு முழுக்கக் கொடி பறக்கலாமென்றால், அது ஓர் ஆலையின் வழக்கால் வந்த உரிமை. உரிமை எல்லோருக்கும் என்றான பிறகு மலிவான துணியைத் தடுப்பது கடினம். கதருக்கு யாரும் தடை போடவுமில்லை.

என் குறை முடிவு எடுக்கப்பட்ட விதத்தில்தான். 1931இல் கொடிக்கென ஒரு குழு அமர்ந்தது. அது சிபாரிசு செய்த ஒற்றைக் காவிக் கொடியைக் காங்கிரஸ் நிராகரிக்கவும் செய்தது. 1947இல் சபையில் தீர்மானம் வந்தது, உறுப்பினர்கள் பேசினார்கள். 2021இல் வந்தது ஒரு நிர்வாக உத்தரவு. வீட்டுக்கும் கடைக்கும் ஆலைக்கும் எந்தத் துணியும் இருக்கட்டும்; நாடாளுமன்றத்திலும் தலைமைச் செயலகங்களிலும் ஏறுவது கதராகவே இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்ப்பது இப்போதும் முடியாத காரியமல்ல.